நிழல்ல நின்னவனும் வெயில்ல நின்னவனும்

ரெண்டு நாளா ராத்திரி தூக்கம் சரியில்லை. தூக்கம் வரலைன்னா ஒரு மனுஷன் என்ன செய்வான்? பழைய குத்துச்சண்டை வீடியோ பார்ப்பான். (எல்லாரும் பார்க்க மாட்டாங்கதான். நான் பார்ப்பேன். வீட்டுல இதுக்காக வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.) அப்படி மேய்ஞ்சுக்கிட்டு இருந்தப்ப 1972 ஜூன் 27, லாஸ் வேகாஸ் சண்டை கண்ணுல பட்டது. முகமது அலியும் ஜெர்ரி குவாரியும் மோதின ரெண்டாவது சண்டை. அதைத்தான் பார்க்க உட்கார்ந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி அதே மேடையில நடந்த இன்னொரு சண்டை தூக்கத்தை மொத்தமா கெடுத்துடுச்சு.

அது ஜெர்ரியோட தம்பி மைக் குவாரியின் சண்டை.

அலியைப் பத்தி நம்ம ஆளுங்க எழுதாததே இல்லை. ஜெர்ரி குவாரி பேரு கூட கொஞ்சம் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மைக் குவாரி? 82 தொழில்முறை சண்டை போட்டு, 63ல ஜெயிச்ச ஆளு. அவரைத் தேடினா எங்கே பார்த்தாலும் ஒரே வரிதான்: 'ஜெர்ரி குவாரியின் தம்பி'. 2006ல் அவர் செத்தப்ப வந்த செய்தியிலும் அந்த அடைமொழி கூடவே வந்தது.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துதுன்னு கடைசியில சொல்றேன். முதல்ல கதை.

ஹார்டு லக் அப்பா

குவாரி குடும்பம் கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம். 1930கள்ல ஓக்லஹோமா மாதிரி மாநிலங்கள்ல மழை பொய்த்து, புழுதிப் புயல் அடிச்சு, நிலத்தை விட்டுட்டு மேற்கே பஞ்சம் பிழைக்கப் போன ஜனங்களை 'ஓக்கி'ன்னு இளக்காரமா கூப்பிடுவாங்க. ஸ்டைன்பெக் 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதியது இவங்களைப் பத்தித்தான். அந்த ஜனத்துல ஒருத்தர் ஜாக் குவாரி. விரல் முட்டியில் ஒரு கையில 'ஹார்டு', இன்னொரு கையில 'லக்'னு பச்சை குத்திக்கிட்டவர். கைகாசு இல்லை, படிப்பு இல்லை, பிள்ளைங்களுக்குக் கொடுக்க அவர்கிட்ட இருந்தது ரெண்டே விஷயம். ஒண்ணு குத்துச்சண்டைக் கையுறை. இன்னொண்ணு ஒரு தாரக மந்திரம்: குவாரி ரத்தத்துல பின்வாங்குறதுங்கிற பேச்சே கிடையாது.

ஜெர்ரி 1945ல் பிறந்தவர். மைக் 1951. ஆறு வயசு வித்தியாசம். அண்ணன் ஹெவிவெயிட். தம்பி அதுக்கு ஒரு படி கீழே லைட் ஹெவிவெயிட், அதாவது 175 பவுண்டு வரைக்கும். அண்ணனுக்கு இடது கை ஹூக் இடி மாதிரி விழும். 53 வெற்றியில 32 நாக்அவுட். தம்பிக்கு அந்தப் பலம் கிடையாது. 63 வெற்றியில 17தான் நாக்அவுட். ஆனா ஆட்டம் அண்ணனைவிட அழகா இருக்கும். கால் நகர்த்தி, தூரம் பார்த்து, குத்து விட்டுட்டு விலகுற ரகம்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்குங்க. நாக்அவுட் செய்யத் தெரியாத குத்துச்சண்டைக்காரன் ஜெயிச்சாலும் பெரும்பாலும் கடைசி ரவுண்டு வரைக்கும் நின்னுதான் ஜெயிக்கணும். பத்து ரவுண்டுன்னா பத்து ரவுண்டும். எதிராளி குறி தவறி விட்டாலும் நாலு குத்து மண்டையில இறங்கத்தான் செய்யும். ஜெயிச்ச சண்டைக்கும் உடம்பு கூலி கொடுத்தாகணும்.

அண்ணன் பேருக்கு விழுந்த குத்து

1970 அக்டோபரில் அலி மூணரை வருஷத் தடைக்குப் பிறகு மேடை ஏறினப்ப, அட்லாண்டாவுல அவருக்கு எதிரா நின்னவர் ஜெர்ரிதான். புருவத்துல பெரிய வெட்டு. மூணாவது ரவுண்டோட சண்டை முடிஞ்சது. ஆனா அந்த ராத்திரியோட குவாரிங்கிற பேரு உலகம் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. கறுப்பினச் சாம்பியன்கள் கோலோச்சின காலத்துல ஒரு வெள்ளைக்கார ஹெவிவெயிட், அதுவும் நல்லா அடிக்கிறவர்னா டிக்கெட் விக்கிறவங்களுக்கு வேற என்ன வேணும்?

ஒன்றரை வருஷம் கழிச்சு 1972ல் ரெண்டாவது சண்டை ஏற்பாடு ஆச்சு. அப்பத்தான் விளம்பரக்காரங்க மூளை வேலை செஞ்சுது. அண்ணன் அலியோட மோதட்டும், தம்பி லைட் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் பாப் ஃபாஸ்டரோட மோதட்டும். பேரு என்ன வச்சாங்க தெரியுமா? 'சோல் பிரதர்ஸ் வெர்சஸ் குவாரி பிரதர்ஸ்'. அலிக்கும் ஃபாஸ்டருக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ரெண்டு பேரும் கறுப்பர்கள், அதனால பிரதர்ஸ். போஸ்டருக்கு எதுகை மோனை சரியா வந்துச்சு, அவ்வளவுதான்.

மைக்குக்கு அப்போ வயசு 21. முப்பத்தஞ்சு பக்கம் சண்டை போட்டு ஒண்ணுல கூட தோத்தது கிடையாது. 'அப்போ தகுதியான ஆள்தானே?'ன்னு கேப்பீங்க. தகுதி இருந்தது. ஆனா ஃபாஸ்டர் யாரு? 1968ல் டிக் டைகரை வீழ்த்திப் பட்டம் வாங்கினதுல இருந்து அந்த எடைப் பிரிவுல நிமிர்ந்து நிக்க ஆளே இல்லாம பண்ணினவர். ஆறடிக்கு மேல உயரம். கை நீளம். அந்தப் பிரிவுல இதுவரைக்கும் வந்தவங்கள்ல பலமா அடிச்சவங்கன்னு நாலு பேர் பட்டியல் போட்டா அதுல நிச்சயம் இருப்பார்.

21 வயசுப் பையனை இன்னும் ரெண்டு வருஷம் பக்குவப்படுத்திட்டு இவர் முன்னாடி நிறுத்தியிருக்கலாம். ஆனா போஸ்டருக்கு 'பிரதர்ஸ்' தேவைப்பட்டது, அதுவும் அந்தத் தேதியில தேவைப்பட்டது. அண்ணனோட புகழ் தம்பிக்குக் கதவைத் திறந்து விட்டதுன்னு சொல்றவங்க உண்டு. திறந்து விட்டது உண்மை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நிக்குதுன்னு யாரும் பார்க்கலை.

நாலாவது ரவுண்டு முடியப்போற கடைசி நொடி. மணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஃபாஸ்டர் ஒரு இடது ஹூக் விட்டார். மைக் அப்படியே மல்லாந்து விழுந்தார். அசைவே இல்லை. ஆளைக் கொன்னுட்டோமோன்னு பயந்துபோனதா ஃபாஸ்டரே பிற்பாடு சொல்லியிருக்கார். நான் அந்த வீடியோவை அந்த இடத்துல நிறுத்தினேன். ரெண்டாவது தடவை போட்டுப் பார்க்க மனசு வரலை.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. தம்பி அப்படிக் கிடந்ததைப் பார்த்துட்டுத்தான் ஜெர்ரி அதே மேடைக்கு அலியை எதிர்த்து ஏறணும். ஏறினார். ஏழாவது ரவுண்டு ஆரம்பிச்ச கொஞ்ச நொடியில சண்டை நின்னது. ஒரே ராத்திரி, ஒரே மேடை, அண்ணனும் தம்பியும் தோத்து வீட்டுக்குப் போனாங்க.

எதிர் மூலையிலயும் ஒரு தம்பி

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அலி பக்கம் போவோம். ஏன்னா அங்கேயும் ஒரு தம்பி உண்டு.

ருடால்ஃப் கிளே. வீட்டுல ரூடி. பிற்பாடு ரஹ்மான் அலி. 1943 ஜூலையில் லூயிவில் நகரத்துல பிறந்தவர். அலியைவிட ஒன்றரை வயசு சின்னவர். அப்பா விளம்பரப் பலகை எழுதுற ஓவியர். 1954ல் அலியோட சைக்கிள் திருடுபோன கதை உங்களுக்கெல்லாம் மனப்பாடம். புகார் கொடுக்கப் போன இடத்துல ஜோ மார்ட்டின்ங்கிற போலீஸ்காரர், 'முதல்ல சண்டை போடக் கத்துக்கோ'ங்கிற தோரணையில சொல்லப்போய், 12 வயசுப் பையன் குத்துச்சண்டைக்கு வந்தான். அதே பயிற்சிக் கூடத்துக்கு ரூடியும் போனார். இன்னொரு கதையும் உண்டு. அண்ணன் தம்பியைக் கல்லெடுத்து எறியச் சொல்வாராம், தலையை அசைச்சே தப்பிக்கப் பழகுவாராம். உலகத்திலேயே வேகமான தலையசைப்புக்குக் கல்லெறிஞ்சு கொடுத்தது தம்பி கை.

இப்போ மூணு தேதியைப் பாருங்க.

1964 பிப்ரவரி 25, மயாமி பீச். அலி (அன்னிக்கு இன்னும் கேஷியஸ் கிளே) சன்னி லிஸ்டனை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆன ராத்திரி. அதே ராத்திரி அதே மேடையில முன்னாடி நடந்த சின்னச் சண்டையில ரூடி தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அறிமுகமானார். நாலு ரவுண்டு, புள்ளிக் கணக்குல வெற்றி. வாழ்க்கையிலேயே பெரிய சண்டைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு, அண்ணன் தன் அறையில உட்காராம அரங்கத்துக்கு வந்து நின்னு தம்பி ஆடுறதைப் பார்த்தார். அன்னிக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் வெற்றி.

1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அலிக்கும் ஜோ ஃப்ரேசியருக்கும் 'நூற்றாண்டின் சண்டை'. முன்னாடி நடந்த சண்டைகள்ல ஒண்ணு ரஹ்மான் அலிக்கும் வட அயர்லாந்தைச் சேர்ந்த டேனி மெக்அலிண்டனுக்கும். ரஹ்மான் புள்ளிக் கணக்குல தோத்தார். பிறகு அலியும் 15 ரவுண்டு போட்டு வாழ்க்கையில முதல் தடவையா தோத்தார். அன்னிக்கு ரெண்டு பேருக்கும் தோல்வி.

1972 ஜூன் 27 மேலே சொன்னது. குவாரி சகோதரர்கள்.

அந்த 1972லயே ரஹ்மான் ஜாக் ஓ'ஹாலரன்கிட்ட தோத்தார். (சூப்பர்மேன் படத்துல வாயே திறக்காத மலை மாதிரி ஒரு வில்லன் வருவார் இல்லே, அவரேதான்!) அதோட கையுறையைக் கழற்றி மாட்டிட்டார். மொத்தம் 18 சண்டை. 14 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா. வயசு 29. அதுக்கப்புறம் அண்ணன் முகாம்லயே கூட இருந்தார். ஓட்டத்துக்குத் துணை, பயிற்சிக்குத் துணை, மூலையில நின்னு கத்துறதுக்கு ஒரு தொண்டை. பின்னாள்ல புத்தகம் போட்டார். ஒண்ணோட தலைப்பு 'அதோ போறாரே, அவர் முகமது அலியோட தம்பி'ங்கிற அர்த்தத்துல வரும். தன் வாழ்க்கையையே 'முன் சண்டைக்காரன் வாழ்க்கை'ன்னு துணைத் தலைப்புல சொல்லிக்கிட்டார். அந்தப் பட்டப்பேரை எவனோ தன் முதுகுல ஒட்டுறதுக்கு முன்னாடி தானே எடுத்து நெஞ்சுல குத்திக்கிட்ட மாதிரி.

அலி ரசிகர்கள் ரஹ்மானைப் பத்தி ஒரு தினுசாத்தான் பேசுவாங்க. 'ஒட்டிக்கிட்டு இருந்த தம்பி', 'அண்ணன் வெளிச்சத்துல குளிர் காய்ஞ்சவர்'. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன்.

கணக்கைப் பாருங்க

மைக் குவாரி 1972 தோல்விக்கு அப்புறம் இன்னும் பத்து வருஷம் ஆடினார். மறுபடி உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு வரவே இல்லை. ஆனாலும் 1982 வரைக்கும் விடலை. மொத்தம் 82 சண்டை. 63 வெற்றி, 13 தோல்வி, 6 டிரா.

ஜெர்ரி? 1983ல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை சில குத்துச்சண்டைக்காரர்களை மூளைப் பரிசோதனைக்கு உட்படுத்திக் கட்டுரை போட்டது. அதுல ஜெர்ரியும் ஒருத்தர். பாதிப்பு தெரிஞ்சது. அதே வருஷம் மறுபடி மேடை ஏறினார்! அதோட விட்டாரா? 1992ல், 47 வயசுல, கொலராடோவுல ஒரு சண்டை. அந்த மாநிலத்துல அப்போ குத்துச்சண்டையைக் கண்காணிக்க ஆணையமே கிடையாது. அதனாலதான் அங்கே போனார். ஆறு ரவுண்டு அடி வாங்கித் தோத்தார். கிடைச்ச கூலி ஆயிரத்துச் சொச்சம் டாலர். கடைசிக் காலத்துல சட்டை போட்டு விடவும் ஆள் வேணும்ங்கிற நிலைமை. அவரைப் பார்த்துக்கிட்டது யாரு தெரியுமா? தொழில்முறைக் குத்துச்சண்டைக்கே போகாத சகோதரர் ஜேம்ஸும் அவங்க அம்மாவும். 1999 ஜனவரியில் ஜெர்ரி இறந்தார். வயசு 53.

மைக் அதே வியாதியில, அடி வாங்கி வாங்கி மூளை கரையுற வியாதியில, 2006 ஜூனில் இறந்தார். வயசு 55.

இந்த வியாதி ஒண்ணும் புதுசு இல்லை. 1928லயே மார்ட்லண்ட்ங்கிற அமெரிக்க மருத்துவர் இதைப் பத்தி எழுதிட்டார். குத்துச்சண்டைக்காரங்க குடிக்காமலே குடிச்சவங்க மாதிரி தள்ளாடுறதைப் பார்த்து 'பஞ்ச் டிரங்க்'னு பேரு. நாம நினைக்கிற மாதிரி பெரிய நாக்அவுட் ஒண்ணு ரெண்டால வர்றது இல்லை. வருஷக்கணக்கா, பயிற்சியிலயும் சேர்த்து, மண்டையில விழுற சின்னச் சின்னக் குத்துங்களோட கூட்டுத்தொகை. இன்னிக்கும் செத்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் உறுதியா சொல்ல முடியும். உயிரோட இருக்கிறவனுக்கு எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. கூட இருக்கிறவங்கதான் அடிக்கணும்.

முகமது அலி? 61 சண்டை. 1980ல் லேரி ஹோம்ஸ்கிட்ட வாங்கினது போதாதுன்னு 1981ல் பஹாமாஸ்ல இன்னொண்ணு, கிட்டத்தட்ட 40 வயசுல. 1984ல் பார்க்கின்சன்ஸ்னு மருத்துவர்கள் சொன்னாங்க. முப்பது வருஷத்துக்கு மேல நடுக்கத்தோட வாழ்ந்து 2016ல் 74 வயசுல போனார்.

18 சண்டையோட போதும்னு சொன்ன தம்பி ரஹ்மான் 2025 ஆகஸ்ட் 1 அன்னிக்கு இறந்தார். வயசு 82.

மைக் போட்ட சண்டை 82. ரஹ்மான் வாழ்ந்த வயசு 82. இதுல தத்துவம் எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த நம்பரைப் பார்த்தப்ப கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

நிழல்னா கெட்ட வார்த்தையா?

இப்போ என் கருத்துக்கு வர்றேன். அடிக்க வர்றவங்க வரிசையில வாங்க :)

இங்கிலீஷ்காரன் 'அண்ணன் நிழல்ல தம்பி மறைஞ்சு போனான்'னு எழுதுறதைப் பார்த்துப் பார்த்து நாமளும் அப்படியே எழுதப் பழகிட்டோம். நிழல்னா இருட்டு, நிழல்னா இழப்பு. நம்ம ஊருல எப்போங்க நிழல் கெட்ட விஷயம் ஆச்சு? 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்'னு சொன்ன ஊரு இது. சித்திரை மாசம் பஸ் ஸ்டாண்டுல நின்னவனைக் கேட்டுப் பாருங்க.

ரஹ்மான் நிழல்ல நின்னார். அவர் சண்டையை நிறுத்தினப்ப யாருக்கும் நஷ்டம் இல்லை, போஸ்டர் மாத்த வேண்டியது இல்லை, வீட்டு மானம் போகலை. அவருக்குப் போய் நிக்க இடம் இருந்தது. அண்ணன் பக்கத்துல ஒரு நாற்காலி. அதை அவமானமா நினைக்காத மனசும் இருந்தது. உலகம் அதுக்கு 'புகழ் மங்கிப்போன தம்பி'ன்னு பேரு வச்சது. நான் 'உயிர் தப்பிச்ச தம்பி'ன்னு வைப்பேன்.

மைக்குக்கு அந்த நிழல் கிடைக்கலை. அவருக்கு அண்ணன் ஒரு அளவுகோலா ஆயிட்டார். ஜெர்ரி அளவுக்கு அடிக்கலை, ஜெர்ரி அளவுக்கு அடி தாங்கலை, ஜெர்ரி அளவுக்குக் கூட்டம் சேர்க்கலை. அதுக்கு மேல அப்பாவோட மந்திரம் வேற. பின்வாங்குறது குவாரி ரத்தத்துல கிடையாதுன்னு சொல்லி வளர்த்த வீட்டுல 'எனக்குப் போதும்பா'ன்னு எந்த வாயால சொல்றது? அவர் மனசுக்குள்ள இறங்கிப் பார்க்க முடியாது. கணக்கைத்தான் பார்க்க முடியும். பட்ட வாய்ப்பே வராத பத்து வருஷம் ஒரு மனுஷன் அடி வாங்கிக்கிட்டு நின்னிருக்கார்ங்கிறது கணக்கு. கூலிக்காகவும் இருக்கலாம்தான். ஆனா கூலி தர்றவன் அந்தப் பேருக்குத்தான் தந்தான், அதையும் மறந்துடக் கூடாது.

18 சண்டையோட நிறுத்தினா தப்பிச்சுடலாம்னு சட்டம் எதுவும் இல்லை. 82 போட்டா செத்துப் போவான்னும் இல்லை. நான் சொல்ல வர்றது எண்ணிக்கையைப் பத்தி இல்லை. 'போதும்'ங்கிற வார்த்தையைச் சொல்ல ஒரு வீட்டுல இடம் இருக்கா இல்லையாங்கிறதைப் பத்தி.

'அப்போ தம்பிங்க எல்லாரும் ஒதுங்கி அண்ணனுக்குத் துண்டு பிடிக்கணுமா?'ன்னு ஒரு பின்னூட்டம் நிச்சயம் வரும். அதனால இப்பவே சொல்லிடறேன். ஸ்பிங்க்ஸ் சகோதரர்கள் கதை இதுக்கு நேர் எதிர். ரெண்டு பேரும் 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கினவங்க. அண்ணன் லியான் 1978ல் வெறும் எட்டாவது தொழில்முறை சண்டையிலயே அலியைத் தோற்கடிச்சு உலகத்தை வாயைப் பிளக்க வச்சார். தம்பி மைக்கேல் பொறுமையா இருந்து 1985ல் ஹோம்ஸை ஜெயிச்சு அவரும் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1988ல் டைசன்கிட்ட 91 நொடியில தோத்தார். அது அவரோட முதல் தோல்வி. அதையே கடைசிச் சண்டையாவும் ஆக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டார். 91 நொடியில விழுந்தவன்னு உலகம் சிரிச்சது. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டார். அண்ணன் லியான் 1995 வரைக்கும் ஆடி 17 தோல்வி வாங்கினார். இங்கே மறைஞ்சு போனது அண்ணன். அடி வாங்கினதும் அண்ணன். ஆக, பிரச்சினை மூத்தவனா இளையவனாங்கிறதுல இல்லை.

கிளிட்ச்கோ சகோதரர்கள் ஒருத்தரோட ஒருத்தர் மோத மாட்டோம்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துட்டு, ரெண்டு பேரும் ஒரே காலத்துல சாம்பியனா இருந்தாங்க. கோடிக்கணக்குல ஆசை காட்டியும் மசியலை. வீட்டுல ஒரு குரல் சரியா இருந்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

சட்டமும் வந்தது, இல்லேன்னு சொல்லலை. 1996ல் அமெரிக்காவுல ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. ஆணையம் இல்லாத மாநிலத்துல வேற மாநில ஆணையத்தோட கண்காணிப்பு இல்லாம சண்டை நடத்தக் கூடாதுன்னு ஆச்சு. 2000ல் அலி பேரிலேயே இன்னொரு சட்டம், குத்துச்சண்டைக்காரங்களை நடத்துநர்கள் சுரண்டாம இருக்க. நல்லது. ஆனா 1972ல் 21 வயசுப் பையனை ஃபாஸ்டர் முன்னாடி நிறுத்தினதுல எந்தச் சட்டமும் மீறப்படலை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

இதுல நமக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 1980ல் அலி மெட்ராஸ் வந்தப்ப நேரு ஸ்டேடியத்துல எம்.ஜி.ஆர் முன்னிலையில கண்காட்சிச் சண்டை போட்டது ஜிம்மி எல்லிஸோட. அலியோட ஊர்க்காரர், சின்ன வயசுத் தோழர், பயிற்சிக் கூட்டாளி. 1968ல் ஜெர்ரி குவாரியை ஜெயிச்சு உலகப் பட்டம் வாங்கினவரும் அவரேதான். கிட்டத்தட்ட இன்னொரு தம்பி. அவரும் கடைசியில ஞாபகம் எல்லாம் அழிஞ்சு 2014ல் போனார். அன்னிக்கு மெட்ராஸ்ல கைதட்டின கூட்டத்துல எங்க பெரியப்பாவும் ஒருத்தர். அலி கண்ணை உருட்டினதையும் கூட்டம் சிரிச்சதையும் நடிச்சே காட்டுவார். 'கூட இன்னொருத்தர் ஆடினாரே, யாரு பெரியப்பா?'ன்னு கேட்டா, 'யாரோ ஒருத்தன்டா'ம்பார்.

கொசுவத்தி

எனக்கு ஏன் உறுத்துதுன்னு சொல்றதா சொன்னேன் இல்லே.

எங்க அண்ணன் ஸ்கூல் ஃபர்ஸ்ட். கணக்குல நூத்துக்கு நூறு. அவன் விட்டுட்டுப் போன அதே பள்ளிக்கூடத்துல அஞ்சு வருஷம் கழிச்சு நான். எந்த வாத்தியார் வகுப்புக்குள்ள வந்தாலும் வருகைப் பதிவேட்டுல என் பேரைப் பார்த்ததும் தலையைத் தூக்குவார். 'நீ அவன் தம்பிதானே?' முதல் பரீட்சை முடிஞ்சதும் அதே கேள்வி கொஞ்சம் சுருதி மாறி வரும். 'நீ அவன் தம்பிதானா?'

பதினொண்ணாம் வகுப்புல கணக்கு குரூப் எடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தலை. அண்ணன் எடுத்தான், நானும் எடுக்கணும், அவ்வளவுதான். காலாண்டுல கணக்குல பதினெட்டு மார்க். அரையாண்டுல இருபத்திரண்டு. முன்னேற்றம்தான் :) ராத்திரி புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு அழுதிருக்கேன். பகல்ல 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்பா'ன்னு அப்பாகிட்ட வீரம் பேசியிருக்கேன். அப்பா மட்டும் 'நம்ம வீட்டுல யாரும் குரூப் மாத்தினது இல்லைடா'ன்னு ஒரு தடவை சொன்னார். கோபமா கூட சொல்லலை. சாதாரணமாத்தான் சொன்னார்.

பொங்கல் லீவுக்கு ஹாஸ்டல்ல இருந்து வந்த அண்ணன் என் மார்க் ஷீட்டைப் பார்த்தான். ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில அப்பா பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தப்ப எதிர்ல போய் நின்னு, 'அவனை காமர்ஸ் குரூப்புக்கு மாத்தி விடுங்கப்பா. ஒரு வருஷம் போனாப் போகட்டும். அவன் நானாகணும்னு என்ன அவசியம்?'னு கேட்டான். அப்பா பேப்பரை மடிச்சு வச்சார். அந்த ஒரு வாக்கியத்துல என் மேல இருந்து எவ்வளவு பாரம் இறங்கிச்சுன்னு என்னால இன்னிக்கும் எழுதிக் காட்ட முடியாது. ஒரு வருஷம் பின்தங்கினேன். இன்னிக்குக் கணக்கெழுதித்தான் சாப்பிடுறேன். வேற மாதிரிக் கணக்கு.

இப்பவும் சொந்தக்காரங்க கல்யாணத்துல நான் 'அவனோட தம்பி'தான். முன்னாடி எல்லாம் முகம் சுண்டிப் போகும். இப்போ சிரிச்சுக்கிட்டே 'ஆமாங்க'ன்னு சொல்லிட்டுப் பந்திக்குப் போயிடறேன்.

மைக் குவாரி கதையில அப்படி வந்து நின்னு சொல்ல ஒரு ஆள் இல்லாம போயிட்டாங்க. அண்ணன்தான் சொல்லியிருக்கணும். பாவம், அந்த அண்ணனுக்கே 'போதும்'னு சொல்ல ஆள் இல்லை, 47 வயசு வரைக்கும்.

உங்க வீட்டுலயும் ஒரு தம்பி, ஒரு தங்கச்சி, இல்லே ஒரு அண்ணனே கூட, யாரோ ஒருத்தர் மாதிரி ஆகணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருக்கலாம். ஜெயிச்சுக்கிட்டு இருந்தாலும் ஒரு தடவை போய்க் கேட்டுப் பாருங்க. மணி அடிக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடியாவது கேளுங்க.

டிஸ்கி: இது குத்துச்சண்டைக்கு எதிரான பதிவு இல்லை. இன்னிக்கு ராத்திரியும் தூக்கம் வரலைன்னா வீடியோதான் பார்ப்பேன். ஃபாஸ்டர் சண்டையை மட்டும் விட்டுடுவேன். மைக் ஜெயிச்ச சண்டை ஏதாவது உங்க கண்ணுல பட்டா பின்னூட்டத்துல சொல்லுங்க. அவர் ஜெயிச்சது 63 தடவை. அதுல ஒண்ணையாவது பார்த்துட்டுத் தூங்கணும்.